முப்பத்தோராம் பக்கத்தில் ஓர் அடித்தல்

பூவராகன் சாருக்கு மனிதர்களின் பெயர் மனசில் நிற்காது. சர்வீஸ் நம்பர்தான் நிற்கும். சேலையூர் கேம்ப் ரோட்டில் எதிரே வருகிறவர் வணக்கம் வைத்தால், இரண்டு விநாடி அவர் முகத்தைப் பார்ப்பார். பிறகு, "நூத்தி நாப்பத்தேழு! மீட்டர் பெட்டிக்குள்ள குருவி கூடு கட்டியிருந்ததே, அந்த வீடு!" என்று முகம் மலர்வார். வணக்கம் வைத்தவரும் தன் பெயரே அதுதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போவார்.

மின் வாரியத்தில் ரீடிங் எடுக்கிற வேலை அவருக்கு. சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சைக்கிளை நிறுத்த வேண்டும். உள்ளே போய் மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில்தான் இந்த மனிதர் தாம்பரத்தின் சரித்திரத்தைச் சேர்த்தார். யாரும் சேர்க்கச் சொல்லவில்லை, சேர்த்ததற்காக யாரும் ஒரு டம்ளர் காபிக்கு மேல் எதுவும் தரவும் இல்லை.

ஒரு ரீடிங்குக்கு ஒரு கேள்வி என்பது அவர் வைத்திருந்த கணக்கு. "இந்த வீட்டுக் கிணறு எந்த வருஷம் வெட்டினது?" என்பார். பதிலைச் சின்ன டைரியில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இரண்டு மாதம் கழித்து, "வெட்டினது யாரு?" அதற்கடுத்த தடவை, "தண்ணி எத்தனை அடியில வந்தது?" ஒரு கிணற்றின் கதை முடிய அரை வருஷம். ஒரு குடும்பத்தின் கதைக்கு நாலு வருஷம்.

"எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேட்டுட்டா என்ன சார்? ஊர் எங்க ஓடியா போயிடும்?" என்று நான் எரிச்சலோடு கேட்டிருக்கிறேன்.

"ஒரே மூச்சுல கேட்டா ஜனங்க கதை விடுவாங்க காந்தாம்மா. ஒண்ணு மட்டும் கேட்டா, ரெண்டு மாசம் அதையே யோசிச்சிட்டிருந்து, அடுத்த தடவை நான் போறப்ப அவங்களே திருத்துவாங்க."

அது உண்மைதான். அவர் சைக்கிள் மணி கேட்டதும், "சார், போன தடவை அறுபத்திரெண்டுன்னு சொன்னேன். எங்க நாத்தனார் அறுபத்தொண்ணுங்கறா" என்று ஓடி வரும் பெண்களை நானே பார்த்திருக்கிறேன். சார் பழையதை அழிக்க மாட்டார். அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் தேதியும் போட்டு, புதியதை எழுதுவார். அட்டையில் ரீடிங் தப்பாக எழுதிவிட்டால் எப்படித் திருத்துவாரோ அப்படி.

நான் யார் என்று சொல்லவில்லையே. கேம்ப் ரோட்டில் காந்தா அச்சகம் என்று ஒன்று இருந்தது. அப்பா தொடங்கி, என் பெயரை வைத்து, எழுத்துக் கோக்கவும் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பத்திரிகை அச்சடித்ததில் அந்த ஆசை தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வேன். கோபம் எனக்கு மூக்கு மேல் இருக்கும். பூவராகன் சார் சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால் மட்டும் அது கொஞ்சம் இறங்கி உட்காரும்.

எண்பத்தெட்டாம் வருஷம் பொங்கலுக்கு அவர் புத்தகம் வந்தது. 'தாம்பரம் வீடு வீடாக'. அறுபத்து நாலு பக்கம், முந்நூறு பிரதி. நான்தான் கோத்தேன், நான்தான் அச்சடித்தேன். அவர் கடை வைத்து விற்கவில்லை. ரீடிங் எடுக்கப் போகிறபோது, எந்தெந்த வீடுகள் கதை கொடுத்தனவோ அந்தந்த வீட்டுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தார். யாருக்குக் கொடுத்தார் என்பதற்கு சர்வீஸ் நம்பரோடு பட்டியலும் வைத்துக்கொண்டார். அந்தப் பட்டியல்தான் பிறகு எங்கள் மானத்தைக் காப்பாற்றியது.

புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: 'காலஞ்சென்ற புஷ்பம் ஆயா, இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளைக் கைபிடித்து ரயில்வே கேட்டைத் தாண்டவைத்தார், ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் பட்டதில்லை.'

பொங்கல் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை. சார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், நான் ஒரு காதுகுத்துப் பத்திரிகை கோத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ரிக்‌ஷாவிலிருந்து ஓர் அம்மாள் இறங்கினார். அறுபத்தைந்து வயசிருக்கும். ஒல்லியான உடம்பு, வெள்ளைப் புடவை, கழுத்தில் ஜெபமாலை, கையில் எங்கள் புத்தகம். பின்னட்டையில் அச்சகத்தின் விலாசம் இருக்கிறதே.

"இந்த புக்கு அட்ச்சது இங்கதான?"

"ஆமாம்மா."

"நான் புஷ்பம். இன்னா, நான் செத்துட்டனா?"

சார் ஸ்டூலிலிருந்து எழுந்தார். எழுந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் கூப்பினார். ஆயாவுக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"கும்புடாத சார்! செத்தவங்களுக்குக் கும்புடற மாரியே கும்புடற. நேத்து காலைல ஒர்த்தன் மாலையோட வந்து நிக்கிறான். என் கைய புட்ச்சி கேட்டு தாண்டுனவன், இப்ப பேங்க்ல ஆபீசராம். கதவ தொறந்தது நானு. மாலைய என் கழுத்துல போட்றதா, போட்டோவுக்குப் போட்றதான்னு தெரியாம பேந்தப் பேந்த முழிக்கிறான். அவனுக்கு காபி குட்த்து ஆறுதல் சொன்னது நானு!"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சாரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு தானே போய்விட்டது. மனிதர் வெளிறிப் போயிருந்தார்.

தப்பு நடந்தது இப்படி. ஆயா வேலையிலிருந்து நின்றதும் பெருங்களத்தூரில் மகன் தாவீதின் வீட்டுக்குப் போய்விட்டார். இந்தப் பக்கம் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. பெருங்களத்தூர் சாரின் பகுதியும் இல்லை. எண்பத்தாறில் லீவு போட்ட ஒருவருக்குப் பதிலாக ஒரே ஒரு தடவை அங்கே ரீடிங் எடுக்கப் போனார். தாவீதின் வீட்டில் மீட்டர் கூடத்துக்குள் இருந்தது. மீட்டருக்குப் பக்கத்தில் ஆயாவின் போட்டோ, போட்டோவுக்குச் சந்தன மாலை, முன்னால் சிவப்பாக ஒரு ஜீரோ வாட் பல்பு. சார் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றார். துக்கம் நடந்த வீட்டில் துருவிக் கேட்பது மரியாதையில்லை என்று, இருந்த ஒரே கேள்வியை, "இந்தத் தெருவுக்கு லைட் எந்த வருஷம் வந்தது?" என்று மருமகளிடம் கேட்டுவிட்டு வந்துவிட்டார். அடுத்த ரீடிங்குக்கு அவர் போகவில்லை. ஆகவே திருத்த யாரும் ஓடி வரவில்லை.

"மாலை போட்டிருந்ததேம்மா" என்றார் சார், ஈனஸ்வரத்தில்.

"அது நான் ரிட்டேர் ஆனப்ப இஸ்கூல்ல போட்ட மாலை சார். வூட்ல கீறது ஒரே ஆணி. அதுல என் போட்டோ மாட்டிகீது. மாலைய வேற எங்க மாட்றது, உன் தலையிலயா?"

"பல்பு..."

"அது பக்கத்துல கீற மாதாவுக்கு!"

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். காரியப் பத்திரிகை அச்சடிக்கிற அச்சகத்தில் 'காலஞ்சென்ற' என்ற சொல் ஓயாமல் வேண்டும். ஒவ்வொரு தடவையும் எழுத்து எழுத்தாகக் கோக்கச் சோம்பல்பட்டு, அதை மொத்தமாக நூலால் கட்டித் தயாராக வைத்திருந்தேன். சாரின் கையெழுத்தில் அந்தச் சொல் வந்ததும் கட்டை எடுத்து அப்படியே வைத்தேன். ஆள் இருக்கிறாரா என்று நானும் கேட்கவில்லை. அதைச் சொன்னதும் ஆயா என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா பண்ணப் போற சார்?"

"முந்நூறு புத்தகத்துலயும் அந்த வார்த்தையை அடிக்கிறேன்" என்றார் பூவராகன் சார். "ஒண்ணு விடாம. நானே போய் அடிக்கிறேன். வாக்கு."

"நீ போய் அட்ச்சா எவன் நம்புவான்? நானும் வரேன். என் கையெய்த்தும் போடுவேன். மேல போறப்ப மோட்ச வாசல்ல ராயப்பர் சாவிய வெச்சிகினு நிப்பாரு. 'நீதான் எண்பத்தெட்டுலயே வந்துட்டியே, இப்ப மறுபடி எதுக்கு வர்ற'ன்னு கேட்டா இன்னா சொல்றது? முந்நூறும் அட்ச்சி முட்ச்சப்புறம்தான் நான் போவேன்."

முதல் பிரதியை அங்கேயே அடித்தார்கள், என் ஆபீஸ் காப்பியை. சார் நீல மையில் 'காலஞ்சென்ற' மேல் ஒரே கோடு போட்டு, சுருக்கக் கையெழுத்தும் தேதியும் போட்டார். ஆயா அதன் பக்கத்தில் 'புஷ்பம்' என்று எழுதினார். குட்டிப் பிள்ளைகளின் பலகையைப் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்ட எழுத்து. புள்ளிகளைப் புள்ளியாக வைக்காமல் கோலிக்குண்டு அளவுக்கு வட்டமாகப் போடுவார்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் தாம்பரம் பார்த்த வேடிக்கை அது. ரீடிங் எடுக்க சார் உள்ளே போவார், பின்னாலேயே ஆயா போவார். "அந்தப் புத்தகத்தை எடுங்க, முப்பத்தோராம் பக்கம்" என்பார் சார். வீட்டுக்காரர்கள் பக்கத்தையும் பார்ப்பார்கள், ஆயாவையும் பார்ப்பார்கள். "ஐயோ ஆயா, நான்தான் மூணாவது பெஞ்சு!" என்று நாற்பது வயசு மனுஷர்கள் காலில் விழுவார்கள். தூரத்து வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் போனார்கள். வண்டலூருக்குக் குடிபோன ஒரு குடும்பத்திடம் அடித்துவிட்டு, பக்கத்தில்தானே என்று மிருகக்காட்சி சாலைக்கும் போய்விட்டு வந்தார்கள். புலியை விட அந்த வீட்டு மோர்க்குழம்பு நன்றாக இருந்ததாக ஆயா சொன்னார்.

ஆயா கையெழுத்துப் போட்டதோடு விடவில்லை. போகிற வழியெல்லாம் புத்தகத்தைத் திருத்திக்கொண்டே போனார். "இந்த கேட்டு அப்ப இங்க இல்ல சார், நூறடி தள்ளிகீது." "அந்தக் கெணத்த வெட்னவன் பேர் தப்பு, அவன் அண்ணன்தான் வெட்னது." சாரின் இரண்டு டைரிகள் ஆயாவின் திருத்தங்களாலேயே நிரம்பின. இருபத்தெட்டு வருஷம் ஒரே இடத்தில் நின்று ஊரைப் பார்த்த ஒருத்தியை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய்க் கேட்டேனே என்று சார் தலையில் அடித்துக்கொண்டார். நான் பார்த்த வரையில், தான் செய்த தப்பு அவருக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்த காலம் அதுதான்.

தொண்ணூற்றொன்றில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது முடிந்தது. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் வாடகைக்கு இருந்த குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. சார் விசாரித்துக்கொண்டே இருந்தார். குரோம்பேட்டை என்றார்கள், போனார். கூடுவாஞ்சேரி என்றார்கள், அங்கேயும் போனார். ஆயா சனிக்கிழமை தோறும் அச்சகத்துக்கு வந்து, "அந்த ஒண்ணு கெட்ச்சிதா?" என்று கேட்டுவிட்டு, சார் வரும்வரை உட்கார்ந்திருப்பார். சும்மா உட்கார அவருக்குத் தெரியாது. என் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து, தூசி தட்டித் துடைத்து வைப்பார்.

தொண்ணூற்று மூன்று ஆகஸ்டில் ஆயாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதே வாரம், மெஷின் துடைக்கப் பழைய பேப்பர் கடையிலிருந்து வாங்கிய கட்டைப் பிரித்தேன். நடுவில் 'தாம்பரம் வீடு வீடாக'. முன்னட்டையில் சாரின் கையால் எழுதிய சிட்லபாக்கம் சர்வீஸ் நம்பர். முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினேன். அடிக்கப்படாத 'காலஞ்சென்ற', நான் கட்டி வைத்த அதே எழுத்துக்கள்.

உடனே சைக்கிளில் ஆள் அனுப்பிச் சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'முந்நூறும் அடித்து முடித்தப்புறம்தான் போவேன்' என்று ஆயா சொன்னது காதிலேயே நின்றது. ஈய எழுத்தோடு பழகுகிற எனக்கு இந்த மூடநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அந்தப் புத்தகத்தைப் பழைய துணியில் சுற்றிக் கீழ் இழுப்பறையின் அடியில் வைத்தேன். ஒன்று பாக்கி இருக்கட்டும் என்றுதான் வைத்தேன்.

ஆயா பிழைத்து வந்தார். அடுத்த மாதமே சனிக்கிழமை ஸ்டூலில் உட்கார்ந்து, "அந்த ஒண்ணு கெட்ச்சிதா?" என்றார். "இல்ல ஆயா" என்றேன். துடைக்கத் துணியை எடுத்தார். "கீழ் இழுப்பறையைத் தொடாதீங்க, கரப்பான் இருக்கு" என்றேன். "கரப்பானா, சரி சரி" என்று மேல் இழுப்பறையைத் திறந்தார்.

இப்படியே இரண்டரை வருஷம் ஓடியது. சார் ரிட்டயர் ஆனார். ஆனபிறகும் வெயிலென்று பார்க்காமல் அந்த ஒரு பிரதியைத் தேடி அலைந்தார். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "பல்லாவரத்துலயும் இல்லை காந்தாம்மா" என்று வியர்வை துடைக்கிறபோதெல்லாம் ஒரு சொம்பு மோர் எடுத்து நீட்டுவேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

தொண்ணூற்றாறு பிப்ரவரியில், பூசைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த ஆயா எழுந்திருக்கவில்லை. என் இழுப்பறையும் துணியும் ராயப்பரிடம் எடுபடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் தாங்கவில்லை. அத்தனை பேரும் ஒரு காலத்தில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளம் தாண்டியவர்கள்.

அடுத்த சனிக்கிழமை சார் வழக்கம்போல வந்தார். காலியாக இருந்த ஆயாவின் ஸ்டூலைப் பார்த்துவிட்டு, நின்றபடியே இருந்தார்.

"வாக்கு குடுத்தேன் காந்தாம்மா. ஒண்ணு மட்டும் முடியலை. அந்தம்மா அங்க போய் என்ன பதில் சொல்லுவாங்க?" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது. அறுபது வயசு மனிதர் அழுவதை நான் அதற்குமுன் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கீழ் இழுப்பறையை இழுத்து, புத்தகத்தைத் துணியோடு அவர் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

சார் நெடுநேரம் அட்டையிலிருந்த நம்பரையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எந்தத் தேதியில கெடைச்சது?"

"தொண்ணூத்து மூணு ஆகஸ்ட் சார். தேதி நினைவில்லை."

"தேதி குறிச்சு வைக்கலையா?" என்றார். முதல் தடவையாக அவர் குரல் என்னிடம் உயர்ந்தது. "ஒளிச்சு வைக்கத் தெரிஞ்சவங்களுக்குத் தேதி குறிக்கத் தெரியாதா?"

பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார். "புத்தகம் வந்த அன்னிக்கு அவங்க உயிரோட இருந்தாங்க. அப்ப அது தப்பு. தப்பை எப்ப வேணாலும் அடிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன்.

'காலஞ்சென்ற' மேல் கோணலாக ஒரு நீலக் கோடு போட்டிருந்தது. பக்கத்தில் கோலிக்குண்டுப் புள்ளிகளோடு 'புஷ்பம்'.

இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளோடு இருந்தவரிடம், எதைத் தொடாதே என்று சொன்னேனோ அதிலேயே காட்டிக்கொடுத்துக்கொண்டேன். எடுத்துப் பார்த்திருக்கிறார். தன் கையாலேயே அடித்துக் கையெழுத்துப் போட்டு, சுற்றியிருந்த துணியைச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார். வைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் என் முகத்தைப் பார்த்து, "அந்த ஒண்ணு கெட்ச்சிதா?" என்று கேட்டிருக்கிறார். நான் வாய் விட்டு அழுதேன். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

சார் ஆயாவின் ஸ்டூலில் உட்கார்ந்தார். மடியில் புத்தகத்தை வைத்து, அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டார். பட்டியலை எடுத்து, சிட்லபாக்கம் நம்பருக்கு எதிரே ஒரு டிக் போட்டார். மறுபடி புத்தகத்துக்கு வந்து, தேதி எழுதப் பேனாவை வைத்தார்.

"எந்தத் தேதியில அடிச்சிருப்பாங்க காந்தாம்மா?"

"தெரியலை சார்."

 அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அந்த மனிதர் வாழ்நாளில் தேதி போடாமல் விட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.